கேள்வி எந்தப் படியில் நிற்கிறது?

தேர்வு அறையை விட்டு வெளியே வரும் மாணவர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: "எல்லாம் படித்ததுதான், ஆனால் கேள்வியைச் சுற்றிவளைத்துக் கேட்டுவிட்டார்கள்." பெரியவர்கள் இதைச் சாக்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த மாணவர் உண்மையைத்தான் சொல்கிறார். அவர் படித்தது ஒரு படியில், கேள்வி வந்தது இன்னொரு படியில். நடுவே இருந்த தூரத்தை அவருக்கு யாரும் காட்டவில்லை.

பருவகாலங்கள் ஏன் வருகின்றன என்ற பாடத்தை எடுத்துக்கொள்வோம். "பூமியின் அச்சு ஏறத்தாழ 23.4 பாகை சாய்ந்திருப்பதால் பருவகாலங்கள் உண்டாகின்றன" என்பது பாட வரி. அதைப் பிழையில்லாமல் ஒப்பிக்கும் ஒருவரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரித் தொடக்கத்தில். அப்போது இரண்டுக்கும் இடையே சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலைத் தொடக்கத்தில் அது 15.2 கோடி கிலோமீட்டராகிவிடுகிறது. அப்படியானால் வட அரைக்கோளத்தில் ஜனவரி எப்படிக் குளிர்காலமாக இருக்கிறது? பலர் தடுமாறிவிடுவார்கள். விடைக்கு வேண்டிய தகவல் அவர்கள் கையிலேயே இருக்கிறது. அந்தச் 'சாய்வு' என்ற சொல்லைக் கொண்டு ஒருமுறைகூட எதையும் செய்து பார்த்ததில்லை என்பதுதான் குறை.

இந்தத் தூரத்தை அளந்து காட்டும் கருவி ஒன்று 1956 முதல் இருக்கிறது: கேள்விகளைச் சிந்தனையின் ஆறு படிகளாகப் பிரிக்கும் புளூமின் வகைப்பாடு. ஆசிரியப் பயிற்சி பெறுபவர்கள் அதைப் படிக்கிறார்கள். பாடத்திட்டம் எழுதவும் வினாத்தாள் தயாரிக்கவும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அது மிகவும் தேவைப்படுகிறவர், புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தனியே உட்கார்ந்திருக்கும் மாணவர். அவரிடம் அது போய்ச் சேர்வது அரிது. இந்தக் கட்டுரை அவருக்காக.

தேர்வாளர்கள் வகுத்த படிகள்

1948இல் பாஸ்டன் நகரில் அமெரிக்க உளவியல் சங்கத்தின் மாநாடு நடந்தது. அதற்கு வந்திருந்த கல்லூரித் தேர்வாளர்கள் சிலர் தனியே கூடித் தங்கள் சிக்கலைப் பேசினார்கள். ஒருவர் எழுதிய வினாவை இன்னொருவர் எடுத்துப் பயன்படுத்தினால் எல்லோருக்கும் உழைப்பு மிச்சம். ஆனால் அந்த வினா மாணவரின் எந்தத் திறனைச் சோதிக்கிறது என்று சொல்லப் பொதுவான சொற்கள் இல்லை. ஒருவர் 'புரிதலைச் சோதிக்கும் வினா' என்று நினைப்பது இன்னொருவர் கண்ணுக்கு வெறும் மனப்பாட வினாவாகத் தெரியும். அந்தச் சொற்களை வகுத்துத் தரும் வேலையில் முன்னின்றவர், சிகாகோ பல்கலைக்கழகத்தில் தேர்வுப் பணியில் இருந்த பெஞ்சமின் புளூம். எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1956இல், அவரும் எங்கல்ஹார்ட், ஃபர்ஸ்ட், ஹில், கிராத்வோல் ஆகிய நால்வரும் சேர்ந்து அதை நூலாக வெளியிட்டார்கள். அறிவு, புரிதல், பயன்பாடு, பகுப்பு, தொகுப்பு, மதிப்பீடு என்று ஆறு பிரிவுகள்.

2001இல் இது திருத்தி அமைக்கப்பட்டது. புளூமின் மாணவரான லோரின் ஆண்டர்சனும், முதல் நூலின் ஐவரில் ஒருவரான டேவிட் கிராத்வோலும் அந்த வேலைக்குத் தலைமை தாங்கினார்கள். பெயர்ச்சொற்களாக இருந்தவை வினைகளாயின: நினைவுகூர்தல், புரிந்துகொள்ளுதல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், படைத்தல். மேலே இருந்த இரண்டும் இடம் மாறின. தொகுப்பு, 'படைத்தல்' என்ற பெயரில் உச்சிக்குப் போனது. வினையாக மாற்றியதைச் சிறிய திருத்தமாக நான் கருதவில்லை. 'புரிதல்' என்றால் அது ஏதோ ஒரு பொருள், சிலரிடம் இருக்கும், சிலரிடம் இருக்காது என்று தோன்றும். 'புரிந்துகொள்ளுதல்' என்றால் அது உட்கார்ந்து செய்ய வேண்டிய ஒரு வேலை.

வலைத்தளங்களில் இந்தப் படிகளை ஒரு முக்கோணமாக, வண்ணம் தீட்டிய பிரமிடாகக் காட்டுவார்கள். 1956ஆம் ஆண்டு நூலில் அப்படி ஒரு படமே கிடையாது. அது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது, கூடவே ஒரு தவறான எண்ணத்தையும் கொண்டுவந்தது: அடித்தளத்தை முழுதாகக் கட்டி முடித்த பிறகுதான் மேலே போக வேண்டும் என்ற எண்ணம். அதற்குப் பிறகு வருகிறேன். இந்த வகைப்பாடு பிறந்த இடம் தேர்வாளர்களின் மேசை என்பதை மட்டும் இப்போதைக்கு நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 'இவன் கீழ்ப்படி மாணவன், அவள் மேல்படி மாணவி' என்று ஆட்களைப் பிரிக்க யாரும் இதை உருவாக்கவில்லை. கேள்விகளைப் பிரிப்பதற்காக உருவாக்கினார்கள்.

ஒரே பாடம், ஆறு கேள்விகள்

பருவகாலப் பாடத்தையே வைத்துக்கொண்டு படிப்படியாகப் போவோம்.

நினைவுகூர்தல் எளிது. சாய்வு எத்தனை பாகை? பூமி சூரியனை நெருங்குவது எந்த மாதம்? இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான். பக்கத்தைப் பார்த்ததும் 'இது தெரியும்' என்று மனம் சொல்வது, பழகிய முகத்தைத் தெருவில் கண்டு தலையசைப்பது போன்றது. அந்த ஆளின் பெயரைக் கேட்டால் நாக்கு நுனியில் நின்றுவிடும். தேர்வு பெரும்பாலும் பெயரைத்தான் கேட்கிறது. புத்தகத்தை மூடிவைத்து வெறுந்தாளில் எழுதும்போது எது வருகிறதோ அதுவே நம் நினைவில் இருப்பது. திறந்த புத்தகத்தின் முன்னால் வரும் தெளிவைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

அடுத்தது புரிந்துகொள்ளுதல். நாம் மிக அதிகமாக ஏமாறும் இடம் இது. யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோசன்பிளிட், கீல் இருவரும் 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஜிப், பூட்டு போன்ற அன்றாடப் பொருள்கள் எப்படி இயங்குகின்றன என்பது உங்களுக்கு எவ்வளவு நன்றாகத் தெரியும் என்று கேட்டு மதிப்பெண் போடச் சொன்னார்கள். கலந்துகொண்டவர்கள் தாராளமாகப் போட்டார்கள். பிறகு, இயங்கும் விதத்தைப் படிப்படியாக விளக்கி எழுதச் சொன்னார்கள். எழுதி முடித்ததும் மறுபடி மதிப்பெண் போடச் சொன்னபோது, தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட மதிப்பெண் இறங்கிவிட்டது. தெரியாது என்பது எழுதத் தொடங்கிய பிறகே அவர்களுக்குத் தெரிந்தது.

பருவகாலங்களிலும் இதுதான் நடக்கிறது. 'சாய்வு' என்று சொன்னவரிடம், "சாய்ந்தால் ஏன் வெப்பம் கூட வேண்டும்?" என்று கேட்டால், "சாய்ந்த பக்கம் சூரியனுக்கு அருகில் போய்விடுகிறது" என்ற விடை வருவதுண்டு. பூமியின் விட்டமே சுமார் 12,700 கிலோமீட்டர்தான். பதினைந்து கோடி கிலோமீட்டரில் அது பொருட்டே இல்லை. சூரியனை நோக்கிச் சாய்ந்த பக்கத்தில் ஒளி செங்குத்துக்கு நெருக்கமாக விழுகிறது; அதே அளவு ஒளி சிறிய பரப்பில் குவிகிறது; பகலும் நீளுகிறது. ஒரு டார்ச் விளக்கைத் தாளின் மேல் நேராகப் பிடித்துவிட்டுப் பிறகு சாய்த்துப் பாருங்கள். வட்டம் நீண்ட முட்டையாகி மங்கிப்போவதைக் கண்ணால் பார்த்தவருக்குச் 'சாய்வு' என்ற சொல் வேறு பொருள் தரும்.

இந்தப் படிக்கு நல்ல பயிற்சி, படித்ததைத் தனக்குத் தானே விளக்கிக்கொள்வது. மிஷெலீன் சீயும் உடன் ஆய்வாளர்களும் 1994இல் எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் இரத்த ஓட்டம் பற்றிய பாடம் ஒன்றைக் கொடுத்தார்கள். ஒரு குழு ஒவ்வொரு வாக்கியத்தையும் படித்துவிட்டு, அதற்கு என்ன பொருள் என்று தனக்கே விளக்கிக்கொள்ள வேண்டும். மற்றக் குழு பாடத்தை இருமுறை படித்தது. விளக்கிக்கொண்ட குழுவின் புரிதல் கூடுதலாக இருந்தது. இதற்குத் தமிழில் நமக்கு மூன்று சொற்கள் கைகொடுக்கும்: 'அதாவது', 'ஏனென்றால்', 'இல்லாவிட்டால்'. ஒரு பத்தியைப் படித்து முடித்ததும் இந்த மூன்றில் ஒன்றில் தொடங்கி, புத்தகத்தின் சொற்களைக் கடன் வாங்காமல் ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். பேனா நின்றுபோகிற இடம் எதுவோ அதுதான் மறுபடி படிக்க வேண்டிய இடம்.

பயன்படுத்துதல் என்பது தெரிந்ததைப் புதிய இடத்துக்குக் கொண்டுபோவது. யுரேனஸ் கோளின் அச்சு சுமார் 98 பாகை சாய்ந்திருக்கிறது. அது சூரியனை ஒருமுறை சுற்ற 84 ஆண்டுகள் ஆகும். அதன் துருவத்தில் ஒரு பகல் எவ்வளவு காலம்? இந்த விடை பாடத்தில் இருக்காது. சாய்வை வைத்து வழியைக் கண்டுபிடித்தால், ஏறத்தாழ 42 ஆண்டு வெளிச்சமும் 42 ஆண்டு இருளும் என்ற வியப்பான இடத்துக்கு வந்து சேர்வோம்.

இந்தப் படியில்தான் நல்ல மாணவர்களும் சறுக்குகிறார்கள். சறுக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் பயிற்சி அமைந்திருக்கும் விதம். பாடநூலில் அத்தியாயத்தின் முடிவில் பத்துக் கணக்குகள் இருக்கும். பத்தும் அந்த அத்தியாயத்தின் சூத்திரத்தில் விடை தருபவை. எந்த முறையைப் பயன்படுத்துவது என்ற முடிவை அத்தியாயத்தின் தலைப்பே எடுத்துவிடுகிறது. மாணவருக்கு மிஞ்சுவது எண்களைப் போட்டுக் கணக்கிடுவது. தேர்வில் தலைப்பு இருக்காது. ரோரர், டெய்லர் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. கல்லூரி மாணவர்களுக்கு நான்கு வகைத் திண்மங்களின் கன அளவைக் கணக்கிடச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு குழு வகைவாரியாகப் பயிற்சி செய்தது. இன்னொரு குழு எல்லாவற்றையும் கலந்து போட்டுப் பார்த்தது. பயிற்சியின்போது வகைவாரிக் குழு 89 விழுக்காடு சரியாகச் செய்தது, கலவைக் குழு 60 விழுக்காடுதான். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது வகைவாரிக் குழு 20 விழுக்காட்டில் நின்றது. கலவைக் குழு 63. பயிற்சியில் கிடைத்த அந்த 89, எந்த முறை என்று முடிவெடுக்கும் சுமை தங்கள் தலையில் இல்லாத காரணத்தால் கிடைத்தது. படிக்கும்போது எளிதாக இருக்கிறது என்றால் நன்றாகப் படிகிறது என்று நாம் நம்பிவிடுகிறோம். இந்த நம்பிக்கை எத்தனை பேருடைய உழைப்பை வீணாக்கியிருக்கும் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

பகுத்தாய்தலுக்குச் செவ்வாய்க் கோள் நல்ல பாடம். அதன் சாய்வு சுமார் 25 பாகை, பூமிக்கு நெருக்கமானதுதான். ஆனால் அதன் பாதை பூமியின் பாதையைவிட அதிகம் நீண்டது, சூரியனிலிருந்து 20.7 கோடி கிலோமீட்டர் வரை நெருங்கி வந்து 24.9 கோடி வரை விலகிப் போகிறது. எனவே அங்கே பருவங்களை இரண்டு காரணங்கள் சேர்ந்து ஆட்டுவிக்கின்றன. தென் அரைக்கோளத்துக் கோடை, கோள் சூரியனுக்கு அருகில் இருக்கும்போது வருவதால் வடக்குக் கோடையைவிட வெப்பமானது. இதில் எது சாய்வின் வேலை, எது தூரத்தின் வேலை என்று பிரிக்கத் தெரிந்தவருக்கு, தொடக்கத்தில் கேட்ட ஜனவரிக் கேள்வி தானாக அவிழ்ந்துவிடும்: பூமியில் அருகாமையாலும் தொலைவாலும் வரும் ஒளி வேறுபாடு சுமார் 7 விழுக்காடுதான், சாய்வு உண்டாக்கும் வேறுபாட்டின் முன்னால் அது அடங்கிப்போகிறது.

பிரித்துப் பார்க்கும் கண்தான் கைதேர்ந்தவரையும் தொடக்கநிலையில் இருப்பவரையும் வேறுபடுத்துகிறது. சீ, ஃபெல்டோவிச், கிளேசர் மூவரும் 1981இல் இயற்பியல் கணக்குகளை அட்டைகளில் எழுதிக் கொடுத்து, ஒத்தவற்றை ஒன்றாக அடுக்கச் சொன்னார்கள். புதியவர்கள் சாய்தளம் வரும் கணக்குகளை ஓரிடத்தில், சுருள்வில் வரும் கணக்குகளை ஓரிடத்தில் என்று அடுக்கினார்கள். துறை வல்லவர்கள், சாய்தளமோ சுருள்வில்லோ, ஆற்றல் அழிவின்மை விதியால் தீர்பவை எல்லாம் ஒரே அடுக்கு என்றார்கள். கணக்கில் இருக்கும் பொருளைப் பார்ப்பதும், கணக்கைத் தாங்கும் விதியைப் பார்ப்பதும் இருவேறு பார்வைகள். இந்தப் பயிற்சியை யாரும் வீட்டில் செய்யலாம்: முடிந்துபோன ஐந்து அத்தியாயங்களின் கணக்குகளை விடை காணாமல் வெறுமனே வகைப்படுத்திப் பாருங்கள், ஏன் அந்த வகை என்று ஒரு வரி எழுதுங்கள்.

மதிப்பிடுதல்: "பூமியின் பாதை முழு வட்டமாக இருந்திருந்தால் பருவகாலங்களே இருக்காது" என்று ஒருவர் சொல்கிறார். சரியா? எந்தச் சான்றை வைத்து மறுப்பீர்கள்? இங்கே அளவுகோல் இல்லாமல் பேசினால் அது கருத்து மட்டுமே. படைத்தல்: இரு அரைக்கோளங்களிலும் ஒரே நேரத்தில் கோடை வரும் ஒரு கோளை வடிவமைத்துக் காட்டுங்கள். சாய்வைச் சுழியாக்கி, பாதையை நன்றாக நீட்டிவிட்டால் போதும் என்று கண்டுபிடிக்கும் மாணவர் அந்தப் பாடத்தை இனி மறக்கப்போவதில்லை. படைத்தல் என்றதும் கவிதை, கண்டுபிடிப்பு என்று பெரிதாக நினைத்துப் பலர் விலகிவிடுகிறார்கள். பாடத்திலிருந்து நீங்களே ஒரு நல்ல வினாவையும் அதற்கு மதிப்பெண் போடும் முறையையும் எழுதினாலே போதும், அது படைத்தல்தான்.

கீழிருந்து மேலா?

பிரமிடு கொண்டுவந்த எண்ணத்துக்கு இப்போது வருவோம். 'முதலில் எல்லாத் தகவலையும் மனப்பாடம் செய்வோம், பிறகு யோசிப்போம்' என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. நடைமுறையில் அந்தப் 'பிறகு' வருவதே இல்லை, தேர்வு முந்திவிடுகிறது. வந்தாலும் நாம் எதிர்பார்க்கும் பலன் கிடைப்பதில்லை. பூஜா அகர்வால் 2019இல் வெளியிட்ட ஆய்வு நேரடியாக இந்தக் கேள்வியையே எடுத்துக்கொண்டது. தகவல் வினாக்களால் பயிற்சி பெற்றவர்கள் தகவல் தேர்வில் மேம்பட்டார்கள். உயர்படி வினாக்களில் அந்தப் பயிற்சி உதவவில்லை. உயர்படி வினாக்களில் மேம்பட்டவர்கள், உயர்படி வினாக்களிலோ இரண்டும் கலந்த வினாக்களிலோ பயிற்சி பெற்றவர்கள். எந்தப் படியில் பழகுகிறோமோ அந்தப் படியில்தான் கை பழகுகிறது. கீழே சேர்த்ததெல்லாம் ஒருநாள் தானாக மேலே பொங்கி வரும் என்று காத்திருப்பது வீண்.

இதை வைத்து மனப்பாடத்தை இழிவாகப் பேசுவது இன்னொரு பிழை. அந்தப் பேச்சு இப்போது நாகரிகமாகிவிட்டதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சேஸ், சைமன் இருவரும் 1973இல் சதுரங்க வல்லுநர்களிடம் செய்த சோதனை புகழ்பெற்றது. உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த காய்நிலையை ஐந்து நொடி காட்டி மறைத்தால், வல்லுநர் பெரும்பாலான காய்களை மீண்டும் அடுக்கிவிடுகிறார். புதியவரால் சிலவற்றையே அடுக்க முடிகிறது. காய்களைத் தாறுமாறாக வைத்துக் காட்டினால் அந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. வல்லுநரின் தலையில் இருப்பது அதிசய நினைவாற்றல் இல்லை. ஆட்ட அமைப்புகளைப் பற்றிச் சேர்த்துவைத்த அறிவு. அவர் பகுத்தாய்வதே அந்த அறிவைக் கண்ணாகக் கொண்டுதான். நினைவில் எதுவும் இல்லாதவர் எதை எதோடு ஒப்பிடுவார்?

நினைவில் நிறுத்தும் வழியும் முக்கியம். ரோடிகர், கார்பிக் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழு உரைப்பகுதியை நான்கு முறை அமர்ந்து படித்தது; இன்னொரு குழு ஒருமுறை படித்துவிட்டு, மூடிவைத்து, நினைவிலிருந்து மூன்று முறை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்த குழு 83 விழுக்காடு நினைவுகூர்ந்தது, எழுதிப் பார்த்த குழு 71. ஒரு வாரம் கழித்து நிலை தலைகீழானது: படித்த குழு 40, எழுதிப் பார்த்த குழு 61. தேர்வுக்கு முந்திய இரவு மட்டும் படிப்பவர்கள் மறுபடி மறுபடி படிப்பதையே ஏன் நம்புகிறார்கள் என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் அது உண்மையாகவே வெல்கிறது.

அப்படியானால் எங்கே தொடங்குவது? என் முடிவு இது: மேலே இருக்கும் ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு கீழே இறங்குங்கள். ஜனவரிக் கேள்வியை முதலில் எழுதிவைத்துவிட்டுப் பாடத்தைத் திறந்தால், 23.4 என்ற எண்ணும் 14.7 கோடி என்ற எண்ணும் ஒப்பிக்க வேண்டிய சுமையாக இருக்காது. ஒரு புதிரின் துண்டுகளாக வந்து பொருந்தும். காரணத்தோடு வந்த தகவல் நினைவிலும் தங்கும். ஒரு விலக்கு மட்டும் உண்டு. முற்றிலும் புதிய துறையில், குறிப்பாகக் கணக்கில், முதல் நாளிலேயே கடினமான கேள்வியோடு மல்லுக்கட்டுவது களைப்பையே தரும். அங்கே ஒருவர் படிப்படியாகச் செய்து காட்டிய சில கணக்குகளைக் கவனமாகப் படிப்பதே முதல் வேலை. ஸ்வெல்லரும் கூப்பரும் 1985இல் இயற்கணிதத்தில் இதைக் காட்டினார்கள். கால் ஊன்றிய பிறகு மேல்படிக் கேள்விக்குப் போகலாம்.

வினைச்சொல்லை நம்பாதீர்கள்

படிகளைக் கற்றுக்கொள்ளும் பலர் அடுத்து ஒரு பட்டியலைத் தேடுகிறார்கள்: 'வரையறு' என்றால் முதல் படி, 'விளக்கு' என்றால் இரண்டாம் படி, 'ஒப்பிடு' என்றால் நான்காம் படி. பட்டியல் கொஞ்ச தூரம் உதவும், அதற்கு மேல் ஏமாற்றும். "பருவகாலங்கள் தோன்றுவதை விளக்குக" என்ற கேள்விக்குக் குறிப்பேட்டில் எழுதிக்கொடுத்த விடையை வரி மாறாமல் எழுதினால், அது நினைவுகூர்தலே. "ஒப்பிடுக" என்பதும் அப்படித்தான். அட்டவணையை யாரோ ஏற்கெனவே போட்டுக் கொடுத்திருந்தால் அதில் ஒப்பீடு எதுவும் நடக்கவில்லை.

படி கேள்வியில் மட்டும் குடியிருப்பதில்லை. கேள்விக்கும் அதை எதிர்கொள்பவருக்கும் நடுவே அது இருக்கிறது. முதன்முறை சந்திக்கும்போது பகுத்தாய்வாக இருந்த செவ்வாய்க் கேள்வி, விடையைத் தெரிந்துகொண்ட அடுத்த நொடியில் நினைவுக் கேள்வியாக இறங்கிவிடுகிறது. தீர்த்த வினாத்தாள்களின் விடைகளைப் படித்துக்கொண்டே போகிறவர் உயர்படிக் கேள்விகளை நூற்றுக்கணக்கில் பார்த்திருப்பார். ஒன்றைக்கூட உயர்படியில் நின்று செய்திருக்க மாட்டார். விடையை மறைத்துவிட்டுப் பத்து நிமிடம் திணறுவதில்தான் அந்தப் படி இருக்கிறது. திணறல் வீண் என்று எண்ணி விடையைத் திருப்பிப் பார்க்கும் கை, நாம் பெற வந்ததையே தட்டிவிடுகிறது.

பவணந்தி முனிவரின் நன்னூல் பொதுப்பாயிரத்தில் மாணவர் பாடம் கேட்கும் முறையைச் சொல்லும் நூற்பாக்கள் எனக்கு இந்த இடத்தில் எப்போதும் நினைவுக்கு வரும். பாடம் போற்றல், கேட்டவை நினைத்தல், வினாதல், வினாயவை விடுத்தல் என்று மாணவர் செய்ய வேண்டிய வினைகளை அது அடுக்குகிறது. பிறகு கணக்குப் போடுகிறது: "ஆசான் உரைத்தது அமைவரக் கொளினும் காற்கூறு அல்லது பற்றலன் ஆகும்." ஆசிரியர் சொன்னதை முழுக் கவனத்தோடு கேட்டாலும் கிடைப்பது கால் பங்குதான். உடன் பயில்வோரோடு பழகிக் கலந்தால் இன்னொரு கால். மிஞ்சிய அரைப் பங்கு, தான் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது வருகிறது. கால், அரை என்ற அளவுகளை அளந்த எண்களாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் கேட்பதற்குக் காலும் சொல்வதற்கு அரையும் கொடுத்த அந்தப் பங்கீடு ஆழமானது. பிறருக்குச் சொல்லும்போது நாம் முதல் படியில் ஒளிந்துகொள்ள முடியாது. எதிரே இருப்பவர் "ஏன்?" என்று கேட்டுவிடுவார், அந்த ஒரு சொல் நம்மைப் புரிதலுக்கு இழுக்கும். "அப்படியானால் இங்கே?" என்பார், பயன்படுத்தியாக வேண்டும். "அது எப்படிச் சரி?" என்பார், மதிப்பிட்டாக வேண்டும். எதிரே ஆள் இல்லாத நாளில் இந்த மூன்று கேள்விகளையும் நாமே கேட்டுக்கொள்ளலாம், ஆனால் அதற்குக் கொஞ்சம் கண்டிப்பு தேவை. நமக்கு நாம் சலுகை காட்டும் வழக்கம் பொல்லாதது.

2001ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு பகுதி உண்டு. ஆறு வினைகளுக்கு எதிரே அறிவின் நான்கு வகைகளையும் வைத்தார்கள்: தகவல், கருத்து, செய்முறை, கடைசியாகத் தன் சிந்தனையைத் தானே அறிதல். எனக்கு எது தெரியும், எது தெரிந்ததுபோல் மயக்குகிறது, எப்படிப் படித்தால் எனக்கு நிற்கிறது என்ற அறிவு அது. மற்ற மூன்று வகை அறிவும் பாடத்துக்குப் பாடம் மாறும். இது மாணவரோடு எல்லாப் பாடங்களுக்கும் கூட வருவது.

அதை வளர்த்துக்கொள்ளச் சிறந்த இடம், திருத்தித் திரும்பி வந்த விடைத்தாள். பெரும்பாலோர் மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். அதை விரித்து, மதிப்பெண் போன ஒவ்வோர் இடத்திலும் பென்சிலால் ஒரு சொல் எழுதுங்கள்: மறந்தது, புரியாதது, முறை தெரியாதது, பிரித்துப் பார்க்காதது. பிறகு எண்ணுங்கள். 'மறந்தது' அதிகம் என்றால், புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பார்ப்பதை நாள்களுக்கு இடையே பரப்பிப் போட வேண்டும். 'புரியாதது' அதிகம் என்றால் குறிப்பை மூன்றாம் முறை படித்துப் பயனில்லை. ஒவ்வொரு பத்திக்கும் கீழே 'அதாவது' எழுத வேண்டும். 'முறை தெரியாதது' அதிகம் என்றால், முடித்துவிட்ட அத்தியாயங்களின் கணக்குகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதிக் குலுக்கிப் போட்டு, எந்த அத்தியாயம் என்று தெரியாமல் ஒன்றை எடுத்து, கணக்கிடத் தொடங்கும் முன்பே எந்த முறை, ஏன் என்று சீட்டின் பின்புறம் எழுதிவிட வேண்டும்.